போலி மெடலா, அசலா? பெங்களூரில் ராணுவப் பதக்கமும் பேட்ஜும் சேர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேருக்கு ஒரு மிலிட்டரி தாத்தா உண்டு. 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஊரில் மெடல் கிடைப்பது அதிசயமில்லை. போலி மெடல் கிடைப்பதும் அதிசயமில்லை. பதினைந்து வருடமாகச் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும் போனில் படம் வர ஆரம்பிக்கும். "அண்ணா, இது அசலா பாருங்க." கேள்விகள் பெரும்பாலும் அதேதான். ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் எனக்கும் மிச்சம், கேட்பவர்களுக்கும் மிச்சம்.

போலின்னா என்ன? கடையிலேயே மெடல் விற்கிறாங்களே, அதெல்லாம் போலியா?

ராணுவத்தில் இருப்பவர்கள் அசல் மெடலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, சீருடையில் அணிய இன்னொரு செட் வாங்கிக்கொள்வது சகஜம். அசல் தொலைந்துபோனாலும் கடையில்தான் வாங்குவார்கள். கண்டோன்மென்ட் ஊர்களில் சீருடைச் சாமான் விற்கும் கடைகள் இதை ஒளிவுமறைவில்லாமல் விற்கின்றன. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை.

அந்தச் செட் பத்து வருடம் கழித்துப் பழைய சாமான் கடைக்கு வந்து, "1971 போர்ல வாங்கினது சார், ஒரிஜினல்" என்று விலை பேசப்படும்போதுதான் அது போலி ஆகிறது. பெங்களூரில் நான் பார்த்த 'போலி'களில் பெரும்பங்கு இந்த வகை. ஏமாற்றவென்றே வார்த்துச் செய்யும் சரக்கு வேறு, அதற்கும் கீழே வருகிறேன். ஆக, இந்த உலோகத் துண்டு அரசாங்கம் அந்த ஆளுக்குக் கொடுத்த அதே துண்டுதானா என்பதுதான் கேள்வி.

புதுசா ஆரம்பிக்கிறேன். என்னென்ன சாமான் வாங்கி வச்சுக்கணும்?

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று, கிராமில் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கமாவது காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம், ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச். எஸ்.பி. ரோட்டில் அரை நாள் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். இதில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் காலிப்பரை வாங்குங்கள்.

காந்தம் ஒட்டலைன்னா ஒரிஜினல்தானே?

இல்லை. வெள்ளி, வெண்கலம், பித்தளை, செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. போலி செய்பவரும் பித்தளையில்தான் செய்கிறார். ஒட்டினால் வெள்ளி மெடல் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் எதுவும் தெரியாது.

தலைகீழாக வரும் ஒரு இடமும் உண்டு. ஜெர்மனியின் இரும்புச் சிலுவை பொதுவாக நடுவில் கறுப்பு இரும்புத் தகடும், அதைச் சுற்றி இரண்டு பாதியாக வெள்ளிச் சட்டமும் வைத்து ஒட்டியது. அது ஒட்ட வேண்டும். ஒரே வார்ப்பாக இருந்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் தட்டில் திருப்பி வைத்துவிடுங்கள். நம் ஊர் நடைபாதைகளில் ஸ்வஸ்திகாவோடு வரும் சாமானில் நான் இதுவரை ஒரு அசலையும் பார்த்ததில்லை.

வார்ப்பு, அச்சுன்னு சொல்றீங்களே, வெறும் கண்ணால எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அரசாங்க மெடல்கள் நாணயம் மாதிரி எஃகு அச்சில் அழுத்தி அடிப்பவை. கோடுகள் கூர்மையாக நிற்கும், வெற்றுப் பரப்பு வழவழவென்று இருக்கும். வார்ப்பு என்பது அசலை மண்ணிலோ ரப்பரிலோ பதித்து, அந்தக் குழியில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. முகத்தில் மூக்கு, காது, முடி எல்லாம் கொஞ்சம் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். லென்ஸில் பார்த்தால் பரப்பில் ஊசிக்குத்துக் குழிகள் தெரியும், ரவா இட்லியின் மேல்பக்கம் போல. விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோட்டை அரம் போட்டுத் தேய்த்த தடமும் சில சமயம் இருக்கும்.

இன்னொன்று: உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அசலிலிருந்து வார்த்த நகல் எப்போதும் அசலைவிட ஒரு நூலளவு சின்னது. கண்ணுக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும்.

எந்த அளவோட ஒப்பிட்டுப் பார்க்கறது?

இங்கே அதிகம் வரும் மூன்றைச் சொல்கிறேன். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் 36 மில்லிமீட்டர் விட்டம், வெள்ளி, எடை கிட்டத்தட்ட ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம் பக்கம். ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபுறம் உடையில்லாத குதிரைவீரன், 1914, 1918 என்ற வருடங்கள். இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார் ஆறு முனை, மஞ்சள் நிறச் செம்பு நாகக் கலவை, வளையம் சேர்க்காமல் உயரம் 44, அகலம் 38 மில்லிமீட்டர். அதே போரின் இந்தியா சர்வீஸ் மெடல் குப்ரோ நிக்கல், 36 மில்லிமீட்டர், பின்புறம் இந்தியாவின் வரைபடம்.

விளிம்பு விளிம்புன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?

பேர் இருக்கிறது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. நான் மெடலின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைத்தான் பார்ப்பேன். என் முதல் பெரிய நஷ்டமே விளிம்பைப் பார்க்காததால் வந்ததுதான்.

கே.ஆர். மார்க்கெட் பக்கத்து ஞாயிறு சந்தையில் ஒரு பிரிட்டிஷ் வார் மெடல். சந்தேகமில்லாத வெள்ளி, சந்தேகமில்லாத அச்சு. விளிம்பில் ஒரு சாப்பரின் பெயர். நம்ம ஊர்ப் படையாச்சே என்று கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காலிப்பரை வைத்தேன். மேலிருந்து கீழாக அளந்தால் 36. பக்கவாட்டில் அளந்தால் 35.3. சுற்றிச் சுற்றி அளந்தேன், எங்கே பெயர் இருந்ததோ அங்கேதான் குறைந்தது. மெடல் அசல். யாருடைய பெயரோ அதில் இருந்திருக்கிறது. அதை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, நன்றாக விலைபோகும் படைப்பிரிவின் பெயரை அடித்திருக்கிறார்கள். எந்தச் சிப்பாயின் பெயர் அரத்தூளாகப் போனதோ, இனி யாராலும் சொல்ல முடியாது. பணம் போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பேர் அடிச்சது பழசா புதுசான்னு எழுத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதல் உலகப் போர் மெடல்களில் ஒவ்வொரு எழுத்தும் அழுத்திப் பதித்தது. லென்ஸில் பார்த்தால் எழுத்தைச் சுற்றி உலோகம் சிறிது ஒதுங்கியிருக்கும், பள்ளத்துக்குள் நூறு வருட அழுக்கு படிந்திருக்கும். லேசர் எழுத்து ஆழமே இல்லாமல், ஒரே சீராக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கையால் செதுக்கியது கோணல்மாணலாக ஓடும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு மெடல்களில் கையால் செதுக்கியதே அசலாக இருக்கும், அங்கே இந்த விதி செல்லாது.

தேய்மானத்தையும் ஒப்பிடுங்கள். ராஜாவின் மீசை வரைக்கும் தேய்ந்துபோன மெடலில் பெயர் மட்டும் நேற்று அடித்தது போல் பளிச்சென்று இருந்தால், அது நேற்று அடித்ததுதான்.

எங்க தாத்தா மெடல்ல பேரே தப்பா இருக்கு. முனுசாமிங்கறதை என்னமோ மாதிரி எழுதியிருக்கு. போலியா?

அது நல்ல அறிகுறி! அந்தக் காலத்து ராணுவக் குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். முனுசாமி 'மூனசாமி' ஆவார், கோவிந்தன் 'கோவிண்டென்' ஆவார், சாமி எல்லாம் 'சாவ்மி' ஆகும். இன்றைக்கு ஆதார் அட்டையில் எழுதுவது போல் சுத்தமான எழுத்துக்கூட்டலில் 1916-ஆம் வருட மெடல் வந்தால்தான் நான் இரண்டாம் முறை பார்ப்பேன்.

விளிம்புல பேரே இல்லைன்னா?

எந்த மெடல் என்பதைப் பொறுத்தது. இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர மெடல்கள் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் போடாமலே கொடுக்கப்பட்டன. இந்தியர்களுக்கும் தென்னாப்பிரிக்கர்களுக்கும் ஆஸ்திரேலியர்களுக்கும் கொடுத்தவற்றில் பின்புறம் பெயர் பதிக்கப்பட்டது. ஆகவே பின்புறம் வெறுமையாக இருக்கும் பர்மா ஸ்டார் அசலாகவே இருக்கலாம். ஆனால் "கோஹிமாவுல சண்டை போட்ட சுபேதாரோடது" என்ற கதையும் கூடவே வந்தால், மெடலுக்கு மட்டும் விலை பேசுங்கள். கதைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

செம்புக் கலர்ல ஒரு பிரிட்டிஷ் வார் மெடல் கிடைச்சது. வெள்ளியா இல்லாததால போலின்னு கடைக்காரரே சொல்லிட்டார். தூக்கிப் போட்டுடவா?

தயவுசெய்து வேண்டாம். அந்த மெடல் 65 லட்சம் அளவில் வெள்ளியில் அடிக்கப்பட்டது. வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டும். வெண்கல மெடல்கள் பெரும்பாலும் சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளில் சுமை தூக்கியவர்களுக்கும் ரோடு போட்டவர்களுக்கும் போனவை. துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி, மண்வெட்டி பிடித்தவனுக்கு வெண்கலம். அன்றைக்கு மட்டமாக நினைத்துக் கொடுத்தது இன்று அரிதாகிவிட்டது. விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, மேலே சொன்ன அளவுச் சோதனைகளைச் செய்யுங்கள்.

வெள்ளியான்னு நகைக்கடைல உரசிப் பார்க்கலாமா?

உரைகல் வேண்டவே வேண்டாம், விளிம்பில் தழும்பு விழுந்துவிடும். நகரத்பேட்டை, சிக்பேட்டைப் பக்கம் கேரட் மீட்டர் வைத்திருக்கும் கடைகளில் எக்ஸ்ரே முறையில் ஒரு நிமிடத்தில் கலவையைச் சொல்லிவிடுவார்கள். பொருளுக்குச் சேதமில்லை. வெள்ளி முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் செம்பும் நாகமும் எகிறிக் காட்டும். ஆனால் என் கதையை நினைவில் வையுங்கள்: அந்த மெடலும் சுத்த வெள்ளிதான்.

பழசு மாதிரி கறுத்துப் போயிருக்கே, அது போதாதா?

கறுக்க வைப்பது ஒரு மணி நேர வேலை. கந்தகக் கரைசலில் முக்கினால் வெள்ளி கறுத்துவிடும். அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தாலும் கறுக்கும். செயற்கைக் கறுப்பு மேடு பள்ளம் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறும். உண்மையான கறுப்பு பள்ளத்தில் தங்கி, விரல் படும் மேட்டில் வெளுத்திருக்கும். மோந்தும் பாருங்கள், பூட் பாலிஷ் வாசனை சில சமயம் அப்படியே அடிக்கும்.

நெஞ்சில் வரிசையாக அணிந்த மெடல்கள் நடக்கும்போது ஒன்றோடொன்று மோதும். அதனால் ஒரு பக்கமாகச் சின்னச் சின்ன வெட்டுகள் விழுந்திருக்கும். இந்த மோதல் தழும்பைப் போலி செய்பவர் அவ்வளவாக யோசிப்பதில்லை. அப்புறம், வாங்கிய பிறகு பொங்கலுக்குப் பித்தளை தேய்க்கிற கையோடு இதையும் புளியும் சபீனாவும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் அப்படித் தேய்த்துத் தேய்த்து ராஜாவுக்கு மூக்கே இல்லை.

ரிப்பன் புதுசு. அப்போ மெடலும் புதுசுதானே?

ரிப்பன் கிழியும், மாற்றுவார்கள். புது ரிப்பனில் அசல் மெடல் தொங்குவது சாதாரணம். சந்தேகப்பட வேண்டியது, "தாத்தா 1919-ல கட்டின ரிப்பன், தொட்டதே இல்லை" என்று சொல்லும்போது. புற ஊதா டார்ச் அடியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டும் ரசாயனம் நீலமாக ஒளிரும். பழைய பருத்தியும் பட்டும் மங்கலாகவே இருக்கும். ஒரு நூலை உருவிக் கொளுத்தினாலும் தெரியும். பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பட்டு முடி கருகும் வாசனை தரும், நைலான் உருகி மணியாகத் திரளும். டார்ச் வெளிச்சத்தில் ஒளிராத புது ரிப்பனும் இருக்கிறது என்பதால் இதை ஒற்றைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஃப்ரேம் போட்ட ஒரு வரிசை வந்திருக்கு, ஒரே ஆளோடதுன்னு சொல்றாங்க. எப்படிச் சரிபார்க்கிறது?

முதலில் அந்த வரிசை சாத்தியமா என்று பாருங்கள். பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒரே ஆளுக்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஒரு ஸ்டாரும், ரிப்பனில் பெயர் எழுதிய ஒரு உலோகப் பட்டையும் (கிளாஸ்ப்)தான். 1914 ஸ்டாரும் 1914-15 ஸ்டாரும் சேர்ந்து வராது. முதல் போரின் விக்டரி மெடல் தனியாகக் கொடுக்கப்பட்டதே இல்லை, வார் மெடலோடுதான். ஆனால் தனியாக ஒரு விக்டரி மெடல் கிடைத்தால் பயப்பட வேண்டாம். 1980-இல் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது ஏகப்பட்ட வார் மெடல்கள் உலைக்குப் போய்விட்டன. வெண்கலத்தில் செய்த விக்டரி மெடலை யாரும் சீண்டவில்லை. அதே காரணத்தால், காணாமல்போன வெள்ளிக்குப் பதிலாக வேறு ஆளுடைய வார் மெடலைச் சேர்த்து 'ஜோடி' ஆக்குவதும் நடக்கிறது. இரண்டு விளிம்பிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள்.

பட்டை போட்ட இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல் ரெண்டு வச்சிருக்கேன். ரெண்டும் வேற மாதிரி தொங்குது. எது போலி?

இரண்டுமே அசலாக இருக்கலாம். 1908 முதல் 1935 வரை கொடுத்த அந்த மெடல் லண்டனிலும் அடிக்கப்பட்டது, கல்கத்தா டங்கசாலையிலும் அடிக்கப்பட்டது. மெடலைப் பிடித்திருக்கும் நகம் லண்டனில் அலங்காரமாக, கல்கத்தாவில் வெறுமையாக இருக்கும். கவனிக்க வேண்டியது மேலே உள்ள பட்டை. மலபார் 1921-22 போன்ற தேடப்படும் பட்டையைச் சாதாரண மெடலில் ஏற்றி விற்பார்கள். விளிம்பில் உள்ள படைப்பிரிவு அந்த வருடம் அந்த ஊரில் இருந்ததா என்று படைவரலாற்றில் பார்க்காமல் வாங்காதீர்கள். பட்டையைப் பிடித்திருக்கும் தறையாணி (ரிவெட்) பளபளவென்று இருந்தாலும் நின்று யோசியுங்கள்.

தொப்பி பேட்ஜுக்கும் இதே விதிகள்தானா?

பேட்ஜில் பெயர் இருக்காது, அதனால் கஷ்டம் அதிகம். திருப்பிப் பாருங்கள். தகட்டில் அச்சடித்த பழைய பேட்ஜின் பின்புறம் முன்புறத்தின் குழிவான பிம்பமாக இருக்கும். வார்ப்பில் பின்புறம் தட்டையாக, சொரசொரவென்று இருக்கும். எழுத்துகளுக்கு நடுவே வெட்டி எடுத்த ஓட்டைகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அச்சையே வைத்து இப்போது அடிக்கும் நகல்கள்தான் பெரிய தொல்லை. அதில் எனக்கும் பாதி நேரம் தெரியாது. தெரியாதபோது வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

கிரீடத்தை வச்சு வருஷம் சொல்லலாம்னு சொல்றாங்களே?

சொல்லலாம், ஒரு எச்சரிக்கையோடு. ராஜாக்கள் காலத்துக் கிரீடம் மேலே கும்மட்டமாக உயர்ந்திருக்கும். எலிசபெத் ராணி காலத்தில், 1953 முதல், நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம் வந்தது. இந்தியா 1950 ஜனவரி 26-இல் குடியரசாகி அசோகச் சிங்கங்களுக்கு மாறிவிட்டது; எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1952-இல். ஆகவே எலிசபெத் கிரீடத்தோடு 'இந்திய ராணுவ பேட்ஜ்' என்று ஒன்று வந்தால் சிரித்துவிட்டு நகரலாம். விக்டோரியா காலத்துக் கிரீடமும் பார்க்கக் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும், அதோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எச்சரிக்கை என்னவென்றால், 2022-இல் சார்லஸ் வந்த பிறகு பிரிட்டனில் மறுபடியும் கும்மட்டக் கிரீடம் வந்துவிட்டது. நேற்று அடித்த பேட்ஜும் இனி 'ராஜா கிரீடம்' என்று விற்கப்படும்.

ஒருத்தர் பரம் வீர் சக்ரா விற்கிறேன்கிறார். அசலா இருக்க வாய்ப்பு இருக்கா?

இதுவரை கொடுத்தது 21 பேருக்கு, அதில் 14 பேருக்கு மறைவுக்குப் பின். யார் யார் என்று ஊருக்கே தெரியும். சாவித்ரி கானோல்கர் வடிவமைத்த வெண்கல மெடல், நடுவில் அரசுச் சின்னம், சுற்றி நான்கு வஜ்ராயுதம், ஊதா ரிப்பன். காட்சிக்கு வைக்கும் நகல்கள்தான் கையில் வரும். நகலை நகல் என்று சொல்லி விற்றால் பிரச்சினை இல்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸும் இப்படித்தான். அசலில் தொங்கும் பட்டையின் பின்னால் பெயரும், சிலுவையின் பின்னால் செயல் நடந்த தேதியும் செதுக்கியிருக்கும்.

வாங்கினதைப் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கலாமா? வெளிநாட்டுல இருக்கிற தம்பிக்கு அனுப்பலாமா?

ராணுவத்தான் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு சீருடையோ அடையாளமோ அணிவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 140-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 168. வீட்டில் தாத்தா மெடலைக் கையில் வைத்துப் படம் எடுப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. அனுப்புவது வேறு விஷயம். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களையும் வரலாற்று மதிப்புள்ள பொருள்களையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. முதல் உலகப் போர் மெடல்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. கூரியரில் போடுமுன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

போலின்னு தெரிஞ்சுபோச்சு. இப்போ அதை என்ன பண்றது?

விற்றவரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், சண்டை போடாமல். பில் இருந்தால் பேச்சுக்கு பலம் உண்டு. நடைபாதையில் பில் ஏது. திருப்பி வேறொருவர் தலையில் கட்டாதீர்கள். என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறையப் போலிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு என்று எழுதிய சீட்டு கட்டியிருக்கிறது. அந்த 35.3 மில்லிமீட்டர் மெடலும் அதில்தான். யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் சீட்டைக் கழற்றிவிட்டுக் காலிப்பரோடு அதைக் கையில் கொடுப்பேன். எல்லாரும் முதலில் ராஜாவின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.